வல்லரசு பாத்த கார்டு

ஹார்டுவேர்னு சொன்னீங்களேன்னு தான் சார் உள்ள கூப்ட்டு குந்த வச்சேன். இப்ப பாத்தா பெயிண்டு, பைப்பு, ஆணின்றீங்க. பரவால்ல, குந்துங்க. கரண்டு போய்ட்ச்சி, பசங்கல்லாம் எய்ந்து போய்ட்டாங்கோ, எனக்கும் வேல இல்ல. அந்த சேர் வாணாம், கால் ஒடஞ்சிது. இத்த போட்டுக்கங்க. டீ சொல்லிகீறேன், வந்துடும்.

வல்லரசு வூடு அடுத்த சந்துல தான். இப்ப போனீங்கன்னா பூட்டி கீது. அவங்கம்மா, அவங்கப்பாவக் கூட்டிகினு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போய்கீது, வர்ற நேரம் தான்.

பையன் எப்டின்னு கேட்டீங்க இல்ல. சொல்றேன். ஆனா கார்டுன்னா இன்னான்னு தெரிஞ்சா தான் அவன் எப்டின்னு உங்களுக்குப் புரியும். ரேஷன் கார்டு இல்ல சார், கிராபிக்ஸ் கார்டு. இந்தா, இந்த பொட்டிக்குள்ள சின்ன ஃபேன் வச்சிகினு கீது பாருங்க. கேம்ல நீங்க பாக்கற செவுரு, ரோடு, ஆளு, நெருப்பு, எல்லாத்தையும் படமா வரையறது இது தான். நம்ம கேம் சென்டர்ல நல்ல கார்டு இந்த ஒண்ணு தான். அதுவும் உப்புக் காத்துல துருவேறி, சொரண்டி சொரண்டி ஓட்டிகினு கீறேன். ஹார்பர் கன்டெய்னர் லாரி போச்சுன்னா ஸ்கிரீனே ஆடும்.

வருசா வருசம் புது கார்டு வரும் சார். அது வந்தா முந்தின கார்டு வெல எறங்கும். அதுக்கும் முந்தினது செகண்ட்ஸ்ல நம்ம கைக்கு வரும். அதனால புது கார்டுன்றது நம்மள மாதிரி ஆளுக்கு வாங்கறதுக்கு இல்ல, பேசறதுக்கு. நானும் வல்லரசும் எத்தினியோ வருசம் அதத்தான் பேசிகினு இருந்தோம். சனிக்கெயம ஆனா ரிச்சி ஸ்ட்ரீட்டு, கம்ப்யூட்டர் சாமான் கடைங்களுக்கு. கண்ணாடிக்கு அந்தாண்ட அடுக்கி வச்சிகீற டப்பாவ வேடிக்க பாக்கறது. அப்பால பழைய புக்கு கடைல வெளிநாட்டு கம்ப்யூட்டர் புக்கு எதுனா கெட்ச்சா வாங்கிகினு, பஸ்ல படிச்சிகினே வருவோம். அவனுக்கு அப்ப இங்கிலீசு சரியா வராது. நான் தான் படிச்சி சொல்வேன். அவனுக்கு மவுசு புடிக்கவே நான் தான் சொல்லிக் குடுத்தேன்.

இப்ப வரப்போற கார்டு சாதாரணமானது இல்ல. இந்த வருசக் கடைசின்றாங்கோ. அது வந்துட்ச்சின்னா இதுவரிக்கும் வந்ததெல்லாம் பொம்மப் படம் தான். இப்ப கேம்ல கடலு வந்தா எப்டி இர்க்கும் தெரியுமா, நீலக் கலரு தார்ப்பாய விரிச்சி நாலு பேரு ஆட்ற மாதிரி இர்க்கும். புதுசுல தண்ணி தண்ணியாவே இர்க்குமாம். பசங்க தெனம் வந்து கேப்பாங்கோ, அண்ணே, அது எப்டிண்ணே இர்க்கும். நான் சொல்வேன். தெரிஞ்சதக் கொஞ்சம், தெரியாததக் கொஞ்சம். வாயத் தொறந்துகினு கேப்பாங்கோ. இந்த தேரடி சுத்து வட்டாரத்துல அடுத்த கார்டப் பத்தி ஒருத்தனுக்கு எதுனா தெரியணும்னா எங்கிட்ட தான் சார் வரணும்.

நடுவுல வல்லரசு இஞ்சினீரிங் முடிச்சான். பெங்களூர்ல வேல கெட்ச்சிது. இன்னா வேலன்னு கேளுங்க. இன்னும் வெளிய வராத கார்ட டெஸ்ட் பண்ற வேல. போன வெளிய வச்சிட்டு தான் அந்த ரூமுக்குள்ள போவணுமாம். நம்ம ஆளுங்க யாரும் கண்ணால பாக்காத கார்டு, அவன் டேபிள் மேல கெடக்குது.

சந்தோசமா இல்லியான்னா, இருந்துச்சி சார். கூடவே வயிறும் எரிஞ்சிது. உங்களாண்ட இன்னாத்துக்கு மறைக்கணும்.

ஆகஸ்ட் பதினஞ்சு லீவுக்கு வந்தான். இங்க தான் வந்து நின்னான், இந்த வாசப்படில. பசங்க மொத்தமும் கேம உட்டுட்டு அவனச் சுத்திகிச்சி. வல்லரசண்ணே, பாத்தீங்களாண்ணே, எப்டிண்ணே கீது. அவன் சும்மா சிரிச்சான். நான் ஒரு வருசமா தொண்டத்தண்ணி வத்தப் பேசினேன் இல்ல, அது அத்தினியும் அந்த சிரிப்புக்கு ஈடாவல. ஒரு பையன் கூட என் பக்கம் திரும்பல.

சாயங்காலம் ராயபுரத்துல ஒரு தோஸ்தப் பாக்கணும், வண்டில உட்டுட்றியான்னான். சரின்னு ஏத்திகினேன். பீச் ரோட்ல வர்றப்ப கேட்டேன். டேய், பேரு வாணாம், நம்பரு வாணாம், ஒண்ணே ஒண்ணு சொல்லு, அதுல தண்ணி எப்டி கீது. கையெழுத்து போட்டுக் குடுத்துகீறேன், சொல்லக்கூடாதுன்னான். நான் யாராண்டடா சொல்லப் போறேன்னேன். நீ யாராண்டயும் சொல்லலன்னாலும் நான் உங்கிட்ட சொன்னதா தான ஆவும்னான். அப்பவும் நான் உடல. எனக்குத் தோணினத நானே ஒண்ணொண்ணா சொல்லிகினே, கண்ணாடில அவன் மூஞ்சப் பாத்துகினு ஓட்னேன். சின்ன வயசுலேந்து எதுனா மறைச்சான்னா மூக்கு வெடைக்கும் சார் அவனுக்கு. அத்த வச்சிப் புடிச்சிடலாம்னு. ஒண்ணும் தெரில. அவன் பாட்டுக்கு கடலப் பாத்துகினு வந்தான்.

எறங்கறப்ப இன்னா சொன்னான் தெரியுமா. கார்டு வெளிய வந்ததும் மொதல்ல உனுக்குத் தான் வாங்கி அனுப்புவேன்னான். அப்டியே உட்டேன் பாருங்க ஒரு பார்வ. எனக்கு கார்டா சார் வேணும். ஊரு ஒலகத்துக்கெல்லாம் தெரிஞ்ச அப்பால எனக்குத் தெரிய வர்றதுக்கு, நான் இன்னாத்துக்கு.

குடியா? தொட மாட்டான். சிகரெட்டும் கெடையாது. சண்ட சச்சரவு ஒண்ணும் இல்ல. அவங்கப்பா கோதண்டம், பெரம்பூர் ரயில்வே கேரேஜ்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு. இன்னா ஆளுங்கன்னு சுத்தி வளச்சி ரெண்டு வாட்டி கேட்டுட்டீங்க. நேராவே கேளுங்க சார். வூட்ல நுழைஞ்சா எதுத்தாப்ல அம்பேத்கர் படம் கீது, பக்கத்துல புத்தர் படம். யாரு வந்தாலும் அத்த கயட்றதில்ல. போதுமா?

பொண்ணுங்க சினேகிதமா? ஏன் சார் அதக் கேக்கறீங்க?

ஓ.

உங்க பொண்ணா. பெனிஷா. அதே ஆபீஸா. அதே ரூமா? அப்ப அதுவும் பாத்துகீது அந்த கார்ட.

இல்ல, எனக்குத் தெரியாது சார். சத்தியமா இப்ப நீங்க சொல்லித்தான் தெரியும். எப்பலேந்து? ரெண்டு வருசமா? உங்களுக்கு எப்ப தெரியும்? ஆகஸ்ட்லயா? உங்க வூட்டுக்கே வந்தானா, ராயபுரத்துக்கு? பதினஞ்சாந்தேதி சாயங்காலம்.

நான் தான் சார் கொண்டாந்து எறக்கி உட்டேன். பிரிட்ஜாண்ட.

கார்டு விசயம் கம்பெனி ரகசியம், சரி. இதுக்கு யாராண்ட கையெழுத்து போட்டுக் குடுத்தான்? நான் தண்ணியப் பத்தி கேட்டுகினு வந்தேன். அவன் பின்னாடி குந்திகினு, உங்க வூட்ல வந்து இன்னா பேசணும்னு நெனச்சிகினு வந்துகீறான்.

டீ ஆறிப்போவுது, குடிங்க. ஒண்ணு சொல்லட்டா. இப்ப நான் ஒரு வார்த்த மாத்திச் சொன்னா, நீங்க இப்டியே திரும்பி ராயபுரம் போய்டுவீங்க. இப்ப மனசுல வந்துச்சி, வரலன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவன் நல்ல பையன் சார். கைல எதக் குடுத்தாலும் பத்திரமா வச்சிக்குவான். பொண்ணக் குடுக்கலாம். பெத்தவரு நீங்க, வேற நாலு பேராண்டயும் விசாரிங்க. எல்லாரும் இதத்தான் சொல்வாங்கோ.

வூட்டு ஆளுங்களப் பத்தி அவன் இன்னா சொல்லிகீறான்? அப்பா, அம்மா, சரி. அண்ணன் ஒருத்தரு. மெட்ராஸ்ல சொந்தமா கம்ப்யூட்டர் கம்பெனி வச்சிகீறாருன்னா? அப்டியா சொன்னான்? கார்டு விசயத்துல அவருக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லன்னு, அவராண்ட கத்துகினு தான் இந்த வேலைக்கே வந்தேன்னு. உங்களாண்டயா, பெனிஷாவாண்டயா? ரெண்டு பேராண்டயுமா.

அந்தக் கம்பெனில தான் சார் குந்திகினு கீறீங்க.

அட, இன்னாத்துக்கு எய்ந்துக்கறீங்க. குந்துங்க. நான் பீம்ராவ். அம்மா வர்ற வரிக்கும் இங்க எதுக்கு, சாவி எங்கிட்ட தான் கீது. டீயக் குடிச்சிட்டு வாங்க, வூட்டுக்குப் போலாம்.