சபீஹாவின் வண்டி ஏன் திணறியது

டீசல் வண்டிக்குக் குளிர் ஆகாது என்று கூடலூரில் எல்லோரும் நம்புகிறார்கள். காலையில் திணறினால் பனி, ஏற்றத்தில் திணறினால் உயரம், இரண்டும் இல்லையென்றால் டீசலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். மெக்கானிக்கைச் சந்தேகப்படுகிற பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. நல்ல ஜனங்கள், சார்.

என் பெயர் இசக்கிமுத்து. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். ஓவேலி ரோட்டில் யானை காரைப் புரட்டியதில் இறந்துபோன நர்ஸ் சபீஹாவைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. கடைசி நேரப் பதற்றத்தில் அவள் கை தவறி மெக்கானிக் நம்பரை அழுத்திவிட்டாள் என்று அவள் புருஷன் தாஹா சொல்ல, நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்களாம். உங்கள் ஏட்டு என்னிடம் போனில் கேட்டபோது, அவள் போனை எடுத்தேன், குரல் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அது பயத்தில் சொன்னது. அவள் கை தவறவில்லை. அதைத் திருத்த வேண்டுமென்றால் மற்றதையும் சொல்லியாக வேண்டும்.

சபீஹாவுக்கு ஓவேலிப் பக்கம் ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரியில் வேலை. தாஹாவுக்கு பஜாரில் மசாலாக் கடை. அவள் தினமும் போய்வருவதற்குப் பழைய டீசல் கார் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். ஏற்றத்தில் இழுவை போதவில்லை என்று மழைக்காலத்துக்கு முன்பு இரண்டு பேருமாக என்னிடம் கொண்டுவந்தார்கள். இந்தக் காலத்து வண்டியில் எவ்வளவு மிதித்தால் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கை மாற்றி எழுதினால் இழுவை கூடும். ரீமேப் என்போம். லேப்டாப்பைச் செருகி, பழைய கணக்கை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, புதியதை ஏற்றிக் கொடுத்தேன்.

முதலில் வந்த திணறல் என் கைப்பிசகுதான். அதை நான் மறுக்கவில்லை. மறுநாளே அவள் வந்து நின்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

“ஏனுங்கண்ணா, வளைவுல லாரிக்காரன் பின்னாடியே வந்துட்டானுங்க. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், வண்டி போவவே மாட்டேங்குது. உசுரே போயிருச்சுங்க.”

உட்காரச் சொன்னேன். டீ வரவழைத்துக் கொடுத்தேன். லேப்டாப்பில் பார்த்தபோது ஒரு இடத்தில் எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தது தெரிந்தது. சரிசெய்து கொடுத்தேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவள், “நீங்க இல்லீனா நான் என்னண்ணா பண்ணியிருப்பேன்” என்றாள். என்னிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்று ராத்திரி சாப்பிடக்கூடத் தோன்றவில்லை.

போனவள் பிறகு வரவில்லை. சரியாக ஓடுகிற வண்டியை யார் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவருவார்கள். காலையில் அவள் கார் வாசலைத் தாண்டிப் போகும். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அந்த நாட்கள் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தன.

ஆயில் மாற்ற அவள் வந்தபோது அந்தப் பழைய தப்பைக் கம்ப்யூட்டரில் திரும்பவும் போட்டேன். இந்த முறை கொஞ்சம் நேர்த்தியாகச் செய்தேன். பெடலைத் திடீரென்று முழுதாக மிதித்தால் மட்டும்தான் வண்டி திணறும். காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் முனகிக்கொண்டே நிற்கும். காலை எடுத்துவிட்டு மெல்ல அழுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல் போய்விடும். இதை எழுதிக்கொள்ளுங்கள் சார், இது முக்கியம். நிதானமாக ஓட்டுகிறவர்களுக்கு அந்த வண்டியில் ஒரு குறையும் தெரியாது. பயந்தவர்கள்தான் ஓங்கி மிதிப்பார்கள்.

அதற்குப் பிறகு அவள் அடிக்கடி வந்தாள். முதலில் ஏர் ஃபில்டர் என்றேன். பிறகு டீசல் ஃபில்டர். பிறகு உள்ளே போகிற காற்றை அளக்கிற சென்சார். டர்போவின் ஹோஸில் பொத்தல் இருக்கலாம் என்று சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று தேடினேன். அவள் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டினேன். எல்லாமே உண்மையாகச் செய்த வேலை. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

தாஹா ஒருமுறை வண்டியைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்க் காட்டினார். ஸ்கேனரில் ஒரு கோளாறும் வரவில்லை. வராது. கம்ப்யூட்டர் சொன்னபடிதான் இன்ஜின் நடந்துகொண்டிருந்தது. அவர்களும் மலைக்காற்று என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தாஹா ஓட்டும்போது அவர் நிதானமாக மிதிப்பதால் வண்டி திணறவே இல்லை. “உனக்கு ஓட்டத் தெரியல, வண்டியக் குத்தம் சொல்றே” என்று என் முன்னாலேயே அவளைக் கடிந்துகொண்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் நகர்ந்ததும், “உங்க மேல தப்பு இல்லீங்க, வண்டியில ஏதோ இருக்குதுங்க” என்று சொன்னேன். அழுதுவிட்டாள். ஊரில் அவளை நம்பிய ஒரே ஆள் நான்தான்.

ஓவேலி ரோட்டில் யானை நின்றால் ஒரு முறை உண்டு. உங்களுக்குத் தெரியும். ஹாரன் அடிக்கக் கூடாது. வண்டிகள் தள்ளி நிற்க வேண்டும். யானை தேயிலைப் பக்கம் முகத்தைத் திருப்பியதும் முன்னால் நிற்கிறவர் ஒரே மிதியில் தாண்டிவிட வேண்டும். நடுவில் தயங்கினால் அது திரும்பிவிடும்.

திணறல் எப்போது வருகிறது என்று பார்க்க, ஒரு சாயங்காலம் அவளோடு அந்த ரோட்டில் போனேன். மழை விட்டுப் பனிமூட்டம் இறங்கியிருந்தது. ஒரு வளைவில் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. பச்சைச் சாணி வாடையும் வந்தது. யானை கண்ணில் படவில்லை. அதுதான் பெரிய பயம், எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாதது. அவள் ஓங்கி மிதித்தாள். வண்டி முனகிக்கொண்டு நின்றது. நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன். வண்டி எதனால் நிற்கிறது என்று தெரிந்த எனக்கே அவ்வளவு பயம். தெரியாத அவளுக்கு எப்படி இருந்திருக்கும். ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு என் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் கால் தானாக நழுவியதால்தான் வண்டி நகர்ந்தது.

ஊர் வந்து சேர்ந்ததும் சொன்னாள். “பழைய மாதிரியே மாத்திக் குடுத்துருங்கண்ணா. இழுவையே வேண்டாங்க. காலையில சாவிய எடுக்கறப்பவே கையெல்லாம் சில்லுனு ஆயிருதுங்க.”

“அந்த நகல் அழிஞ்சு போச்சுங்களே” என்றேன்.

அழியவில்லை. இதோ, லேப்டாப்பைக் கொண்டுவந்திருக்கிறேன், இதில் இருக்கிறது. ஏற்றியிருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்திருக்கும். அவளும் போயிருப்பாள். எனக்கும் பயம் உண்டு சார். அவள் திரும்ப வரமாட்டாள் என்கிற பயம். அவளுடைய பயத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், என்னுடையதை யாரும் கேட்கவில்லை.

அன்று காலையில் என்ன நடந்தது என்று ஜீப் ஓட்டுகிற செல்லக்கண்ணு உங்களிடம் சொல்லியிருப்பார். ஒற்றைத் தந்தம் உள்ள ஆண் யானை, ஒற்றைக் கொம்பன் என்பார்கள், ரோட்டோரத்தில் நின்றது. அது முகத்தைத் திருப்பியதும் அவர் ஜீப் தாண்டிவிட்டது. அடுத்தது அவள் கார். அவளுக்குப் பின்னால் வண்டி எதுவும் இல்லை. கொம்பன் மறுபடி தேயிலைக்குள் துதிக்கையை நீட்டியபோது அவள் மிதித்திருக்கிறாள்.

நான் ஒர்க்‌ஷாப் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. ரகசியம் பேசுகிற மாதிரி அவள் குரல்.

“அண்ணா, யானைங்க. மிதிச்சிட்டுத்தான் இருக்கேன், வண்டி போவலீங்க. திரும்பிருச்சுங்க. என்னையத்தான் பாக்குதுங்க.”

மெல்ல மிதிங்க. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள். போன பிறகு யோசித்திருப்பாள், இது இசக்கியண்ணனுக்கு எப்படித் தெரியும் என்று. கெட்டிக்காரி, நிச்சயம் யோசித்திருப்பாள். அதற்கு மேல் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பது.

“பயப்படாதீங்க. வண்டிய ஆஃப் பண்ணிட்டு அசையாம உக்காந்திருங்க. நான் வர்றேன்” என்றேன்.

“சீக்கிரம் வாங்கண்ணா” என்றாள். சாவி திரும்புகிற சத்தமும், இன்ஜின் அடங்குவதும் கேட்டது. போனை அவள் அணைக்கவில்லை. அதற்குப் பிறகு கேட்டதையெல்லாம் இங்கே எழுத வேண்டாம். சத்தம் நின்ற பிறகு நான் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். கிரீஸ் படிந்த சட்டையோடு அவள் முன்னால் போக மனம் வரவில்லை.

அந்தக் கொம்பனைப் பிடிக்க வேண்டும் என்று ஜனங்கள் மறியல் செய்கிறார்கள். பாவம், அது அதன் வழியில் நின்றது. சாவி அணைத்த நிலையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, பயத்தில் அவளுக்குப் புத்தி வேலை செய்யவில்லை என்று தாஹா எல்லோரிடமும் சொல்லி அழுகிறாராம். அதுவும் தவறு. புத்தி பேதலித்தவள் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பாள். அவள் ஓடவில்லை. புருஷனைக் கூப்பிடவில்லை. ஃபாரஸ்ட்காரர்களையும் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டாள். நான் சொன்னபடி வண்டியை அணைத்துவிட்டு, கொம்பன் கிட்டே வருகிற வரைக்கும் அசையாமல் எனக்காகக் காத்திருந்தாள். இதை மட்டும் சரியாக எழுதிவிடுங்கள் சார். வேறு என்ன எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.