விளக்கை அணைத்த மரம்

தண்டவாள மணி அடிக்கிறது. டங் டங் டங் டங். விடாத அடி. விமானமோ கப்பலோ வருகிறது என்று பொருள்.

ஓடுகிறோம். இடுப்பில் என் மகள். எட்டு மாதம். முன்னால் கடல். பின்னால் உப்பளம். மழையில் பாத்தியெல்லாம் மூழ்கிக் கிடக்கிறது. மரக்காணம் போகும் வரப்பும் தண்ணீருக்குள். மணலில் தோண்டிய குழி ஒன்றுதான் போக்கிடம். குப்பத்துப் பெண்கள் எல்லாரும் அதில் அடைகிறோம். யாருடைய முழங்காலோ என் முதுகில்.

எழுபத்தொன்று. கார்த்திகை மாதம். வங்காளத்துக்காரர்கள் பாகிஸ்தானை விட்டுத் தனி நாடு கேட்டார்கள். அந்தச் சண்டை நம் சண்டையும் ஆயிற்று. எங்கேயோ நடக்கிறது என்றிருந்தோம். விசாகப்பட்டினம் பக்கம் எதிரியின் நீர்மூழ்கி வந்ததென்று ரேடியோ சொன்னது. அதுவும் இதே கடல்தான்.

தீபம் வைத்த அகல் காயவில்லை. விளக்கே கூடாது என்று உத்தரவு வந்தது. எங்கள் குப்பத்துக் கன்னியப்பனைக் காவலுக்கு வைத்தார்கள். தண்டவாளத் துண்டு ஒன்றைப் பனைமரத்தில் தொங்கவிட்டான். வீடு வீடாக வந்து சொன்னான். விடாமல் அடித்தால் விளக்கை அணை, குழிக்குள் போய் இரு. விட்டு விட்டு மூன்று அடித்தால் ஆபத்து நீங்கியது. கடலுக்குப் போகிறவர்களும் விளக்கை அணைத்து இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

அன்று விடிகாலை ஒரு கட்டுமரம் போயிருந்தது. அதில் என் வீட்டுக்காரர், என் அண்ணன் ஏழுமலை, கன்னியப்பனின் அப்பா. பொழுது சாய்ந்தும் வரவில்லை. இங்கே ஒரே இடத்தில்தான் மரம் கரையேறும். மற்ற இடத்தில் அலை புரட்டிவிடும். இருட்டினால் அங்கே ஓலை கொளுத்திக் காட்டுவோம். அன்று கொளுத்தவில்லை. கொளுத்த விடவில்லை.

குழியிலிருந்து தலையை நீட்டுகிறேன். கடலில் ஒரு விளக்கு. அதைப் பார்த்துத்தான் கன்னியப்பன் அடிக்கிறான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைகிறது.

"அணைச்சுட்டான்டா! நீர்மூழ்கியேதான்!" எவனோ கத்துகிறான். அடி வலுக்கிறது.

எனக்குப் புரிந்துவிட்டது.

"டேய் கன்னியப்பா! அது நம்ம மரம்டா! உங்கப்பன்டா!"

"எங்கப்பாவா இருந்தா வெளக்கை ஏன் அணைக்குது?"

"நீதானேடா அணைக்கச் சொன்ன!"

அடி நின்றது.

"நிறுத்தாதடா! மரக்காணத்துலேர்ந்து ஆளு வரட்டும்!" பெரியவர்கள் கத்தினார்கள். எந்த வழியாக வருவார்கள்? வரப்பே இல்லை. மறுபடி அடித்தான்.

நான் எழுகிறேன். இரண்டு பேர் புடவையைப் பிடித்து இழுக்கிறார்கள். "கொழந்தைய தூக்கிக்கினு எங்கடி போற? படுடி!" மகளின் வாயை ஒரு கை பொத்துகிறது. அந்தக் கையைக் கடித்தேன்.

வாடைக்காற்று ஏறுகிறது. அலை உறுமுகிறது. நடுவே ஒரு சத்தம். கட்டையோடு கட்டை மோதும் சத்தம். இரண்டு தரம். பிறகு ஓர் ஆண் குரல்.

"வெளக்கு காட்டூ...!"

ஒரே தரம்தான். அது யார் குரல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கன்னியப்பனுக்கும் கேட்டது. விட்டு விட்டு மூன்று அடித்தான். யாரையும் கேட்கவில்லை. மறுபடி மூன்று. மறுபடி மூன்று. நான் மகளை யார் மடியிலோ போட்டுவிட்டு ஏறி ஓடினேன். ஓலையைக் கொளுத்தினேன். இந்த முறை யாரும் தடுக்கவில்லை. ஓலை தீர்ந்தது. அவன் கை ஓய்ந்தது. கடலில் விளக்கு எரியவில்லை.

எங்கள் கரையில் குண்டு எதுவும் விழவில்லை. அதனால் எங்கள் சாவைச் சண்டையில் யாரும் சேர்க்கவில்லை. சேர்க்கச் சொல்லி நானும் எவர் வாசலிலும் போய் நிற்கவில்லை. உப்பு வாரி மகளை வளர்த்தேன். கணக்கை நானே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர். உடல் எக்கியார்குப்பத்தில் ஒதுங்கியது. என் அண்ணன் ஏழுமலை. கிடைக்கவில்லை. கன்னியப்பனின் அப்பா. கிடைக்கவில்லை. ஒரு மரம். அதன் நான்கு கட்டையில் மூன்று கரைக்கு வந்தன. ஒரு வலை.

ஓர் அரிக்கன் விளக்கு. சொன்ன சொல் கேட்டு அணைத்தது.