எறியற நாற்காலி

...அய்யய்யோ, அதுல உக்காராதேம்மா! அது எங்க டைரக்டர் எறியற நாற்காலி. உக்காரற நாற்காலி அந்தப் பக்கம் இருக்கு பாரு, நீலக் கலர்ல... ஆங், அதான். இது லேசான பிளாஸ்டிக்கு. இரும்பு நாற்காலி எல்லாத்தையும் நாந்தான் மேக்கப் ரூமுக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டேன். போன படத்துல ஒண்ணு என் காதோரமா விர்ருனு போச்சு. பின்னாடி நின்ன லைட்மேன் குனிஞ்சாரு, பொழச்சாரு.

இந்தப் பையைப் பாத்தியா? உள்ள என்னன்னு நினைக்கறே? எல்லாம் எறியற சாமான். காகிதக் கப்பு, தெர்மாகோல் துண்டு, பைண்டிங் பிரிஞ்சு போன பழைய ஸ்கிரிப்ட்டு. அது அழகா பறக்கும், மேல பட்டாலும் வலிக்காது. அவருக்குக் கோவம் வர்றப்போ கைக்கெட்டற தூரத்துல கண்ணாடி, கத்திரிக்கோல், என் செல்ஃபோன், எதுவும் இருக்கக்கூடாது. அதுதான் உன் முதல் வேலை. எழுதிக்கோயேன்... வேணாமா? சரி, மனசுல வெச்சுக்கோ.

இதுக்கு முன்னாடி எங்க இருந்தேன்னு சொன்னே? பல் டாக்டர்கிட்டயா! அப்பாடா. அலறல் பழகியிருக்கும். எனக்கு இப்பவே உன்னைப் பிடிச்சுப்போச்சு.

இல்லம்மா, பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. இன்னிக்குக் காலைல நடந்ததையே எடுத்துக்கோ. ஹீரோ ரெண்டு மணி நேரம் லேட்டு. வந்து இறங்கறாரு, கண்ணாடியக் கூடக் கழட்டல. எங்காளு என்ன பண்ணாரு? ஓடிப்போய்க் கையப் பிடிச்சுக்கிட்டு, "வாங்க சார், நல்லாத் தூங்கினீங்களா?" அப்படியே திரும்பி என்னைப் பாத்து, "ஏய்! தலைக்குள்ள ஆள் இருக்கா, இல்ல பூட்டிட்டுப் போயிட்டாங்களா?" ஹீரோ லேட்டா வந்ததுக்கு என் தலையில ஏம்மா ஆளத் தேடணும்? நான் ஆறு மணிக்கே வந்து நிக்கறேன்!

எங்க வீட்டுக்காரர் கேக்கறாரு, "நான் ஒரு வார்த்தை சொன்னா ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறே, அங்க எப்படிடி இத்தனையும் வாங்கிக்கறே?"ன்னு. அங்க என்னைத் திட்டினா படப்பிடிப்பே அமைதியாகும், நீங்க திட்டினா வீடு அமைதியாவா ஆகுது, நீங்கதானே அமைதியாயிடறீங்கன்னு சொன்னேன். அதோட விட்டுட்டாரு. பாவம், நல்ல மனுஷன்.

மணி என்ன? நாலே காலா? ஏம்மா, அஞ்சு மணிக்குள்ள நீ சரின்னு சொல்லிடணும். சொன்னாத்தான் நான் வெளிய போக முடியும். ஒளிக்காமச் சொல்லிடறேனே... என் படம்மா. நான் டைரக்ட் பண்ணப் போற முதல் படம். திங்கக்கிழமை ஷூட்டிங். எங்க டைரக்டர் விடுவிச்சு லெட்டர் குடுக்காம என் படத்தோட தயாரிப்பாளர் என்னைச் சேத்துக்க மாட்டாராம். இவரு என்ன சொல்றாரு? "உன் இடத்துல நிக்க ஒரு ஆளக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்." அஞ்சு மணி வரைக்கும் கெடு. நீ ஏழாவது ஆளு. முன்ன வந்த ஆறு பேரும் டீ ஆறறதுக்குள்ள காணாமப் போயிட்டாங்க. ஏன்னே எனக்குப் புரியல. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே?

என் இடம்னா என்னன்னு கேக்கறியா? அதாம்மா... பேருக்கு உதவி டைரக்டர், நிஜத்துல திட்டு வாங்கற இடம். ஹீரோவத் திட்ட முடியாது, கேமராமேனத் திட்டினா கேமராவ மூடிட்டுப் போயிடுவாரு. என்னைத் திட்டினா யாருக்கும் நஷ்டமில்ல. ஆனா எல்லாருக்கும் போய்ச் சேந்துடும்.

அப்படிப் பாக்காதே. பொறந்தப்பவே அவரு இப்படி இல்ல. முதல் படத்துல பாத்திருக்கணும், பூனைக்குட்டி! "கொஞ்சம் அமைதியா இருக்கீங்களா?"ன்னு கெஞ்சுவாரு. ஒருத்தரும் காதுல வாங்க மாட்டாங்க. லைட்மேன் ஊர்க்கதை பேசுவாரு, ஹீரோ வேன்ல குறட்டை. மூணாவது நாள் தயாரிப்பாளர் வந்து, நாளைக்கும் இப்படியே போச்சுன்னா மூட்டை கட்டுங்கன்னுட்டாரு. இந்த மனுஷன் துணி மாத்தற ரூமுக்குள்ள போய் அழறாரும்மா. சட்டைங்களுக்கு நடுவுல நின்னுக்கிட்டு.

அப்ப ஒருத்தி போய்ச் சொன்னா, "சார், என்னைத் திட்டுங்க. எல்லாரும் பாக்கத் திட்டுங்க. அப்புறம் பாருங்க."

யாரா? ...நாந்தான்.

அந்த ரூம்லயே ஒத்திகை பாத்தோம். "நீங்க பண்ணது சரியில்லைங்க"ன்னாரு. இதுக்கு எவன் சார் பயப்படுவான்னு நானே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தேன். அந்தத் தலைக்குள்ள ஆள் இருக்காங்கறது என் வசனம்மா! நாற்காலி? அதுவும் நாந்தான். "வெறுங்கையோட கத்தினா எடுபடாது சார்"னு சொன்னேன். பன்னெண்டு வருஷத்துல நான் எழுதினதுல படப்பிடிப்புல ஒலிச்சது அது மட்டுந்தான். அதையும் என்னைப் பாத்தே சொல்றாரு.

அப்பல்லாம் திட்டி முடிச்சதும் ஓரமா வந்து, "ரொம்பப் போயிடுச்சா?"ன்னு கேப்பாரு. இல்ல சார், இன்னும் கொஞ்சம் போகலாம்பேன். ரெண்டு பேரும் சிரிப்போம். மூணாவது படத்துலயோ நாலாவதுலயோ கேக்கறத நிறுத்திட்டாரு. என்னிக்குன்னு நான் கவனிக்கல பாரு... அதுதாம்மா இன்னும் வலிக்குது. நாற்காலி கூட வலிக்கல.

சரி சரி, சோகம் வேணாம். ஒரே ஒரு தடவ பழகிடலாம், எழுந்து நில்லு. கையக் கட்டாதே, திமிருன்னு நினைப்பாரு. தொங்கப் போடு. பார்வை என் செருப்புல. நாந்தான் டைரக்டர், சரியா? ம்ம்...

"ஏய்! தலைக்குள்ள ஆள் இருக்கா, இல்ல பூட்டிட்டுப் போயிட்டாங்களா? மரம் மாதிரி நிக்கறே! உன்னைச் சேத்த தேதிய காலண்டர்லேர்ந்தே கிழிச்சு எறியணும்! போ! என் கண்ணு முன்னால நிக்காதே!"

அம்மாடி... நாற்காலி அவ்வளவு தூரமா போச்சு? லேசாத்தான் இருக்கு, இல்ல?

கேக்குதா? ஃப்ளோரே கப்சிப்! சுத்தியல் சத்தம் நின்னுபோச்சு. லைட்மேன் ஏணியில பாதியில நிக்கறாரு, எல்லாரும் என்னையே பாக்கறாங்க... இத்தனை வருஷமா கீழ குனிஞ்சுக்கிட்டே இந்த அமைதியக் கேட்டேன். இந்தப் பக்கம் நின்னா இவ்வளவு சுகமா இருக்குமா? அடப்பாவி மனுஷா, இதையா தனியா அனுபவிச்சே? திங்கக்கிழமை எனக்கும் ஒரு ஆளு...

ஏம்மா, உன் பைய ஏன் எடுக்கறே? என்னம்மா கண்ணெல்லாம்... சும்மாம்மா, ஒத்திகைதானே! நாற்காலி உன் மேல படக்கூட இல்லையே! டீ ஆறலம்மா இன்னும்... நில்லும்மா...

ரொம்பப் போயிடுச்சா?