ஸ்பீடு முழுசா காட்டுது

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன் மேடம். எங்க வீட்டுல நான் வேற கம்பெனி இன்டர்நெட் லைன்தான் வெச்சிருக்கேன். சிரிக்காதீங்க. மிட்டாய்க் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைங்க மிட்டாய் தொடாது, அந்த மாதிரிதான். எங்க மச்சானுக்கு, அதாவது என் பொண்டாட்டியோட அண்ணனுக்கு, இது தெரியாது. தெரிஞ்சா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. கம்பெனியில விற்பனை முழுக்க அவர் கையில, நெட்வொர்க் என் கையில. ஊருக்கு அவர் வாக்குக் குடுப்பாரு, காப்பாத்த வேண்டியது நான்.

நீங்க கேட்டது விளம்பரத்தப் பத்தி. அதுல போட்ட ஸ்பீடு நிஜமாவே வந்துச்சான்னு. ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில சொன்னா தப்பா புரிஞ்சுக்குவீங்க. நிதானமா சொல்றேன். டீ ஆறினாலும் பரவால்ல, எனக்கு ஆறின டீதான் பிடிக்கும்.

ஒரு தெருவுக்கு ஒரு கேபிள் போகுது. அதுல எவ்வளவு போகும்னு எங்களுக்கு நல்லாத் தெரியும். ஆனா விக்கும்போது, ஒவ்வொரு வீட்டுக்கும் முழு கேபிளையும் எழுதிக் குடுத்த மாதிரி விப்போம். வாடகைக்கு விடறவர் அத்தனை குடித்தனத்துக்கும் ஒரே தொட்டிதான் வைப்பாரு, எல்லாரும் ஒரே நேரத்துல குளிக்க மாட்டாங்கங்கற தைரியத்துல. அதேதான் இதுவும். அளவோட செஞ்சா யாருக்கும் தெரியாது. மச்சானுக்கு அளவு தெரியாது. ஆளைச் சேத்துக்கிட்டே போனாரு. மத்தியானம் ஆச்சுன்னாலே வீட்டுக்கு வீடு படம் நின்னு நின்னு வரும். புகார் கேக்கற பொண்ணுங்க திட்டு வாங்கியே காது மரத்துப் போய், ஒவ்வொருத்தரா வேலைய விட்டுட்டுப் போனாங்க.

மச்சான் என் ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினாரு.

"மாப்ளே, இன்னொரு கேபிளுக்கெல்லாம் மேல ஒத்துக்க மாட்டாங்க. ஸ்பீடு நிஜமாக் கூடணும்னு இல்ல. கூடின மாதிரி தெரிஞ்சா போதும்."

"அது எப்படி மச்சான்?"

"ஜனங்க ஸ்பீடை எப்படிப் பாக்கறாங்க? நம்ம ஆப்புல டெஸ்ட் பட்டன அமுக்கித்தானே? அமுக்கற நேரத்துக்கு மட்டும் வரட்டும்பா. யார் கேக்கப் போறா?"

எனக்கு அது கஷ்டமான வேலை இல்ல. ஒரு வீட்டுக்காரங்க எங்கேருந்து பட்டன அமுக்கினாலும், அந்த வீட்டு லைன் கொஞ்ச நேரத்துக்கு முழுசா திறந்துக்கும். தெருவுல மத்தவங்க ஒதுங்கிக்குவாங்க. நம்பர் ஏறி முழுசா நிக்கும். அப்புறம் மூடிக்கும். ஆபீஸ்ல இதுக்கு 'விருந்தாளி'ன்னு பேர் வெச்சோம். வீட்டுக்கு யாராச்சும் வந்தா எழுந்து நாற்காலியக் குடுக்கறோம்ல, அதனால. பொய்னு எனக்குத் தோணல. இப்பவும் தோணல. அந்த நேரத்துல அந்த ஸ்பீடு நிஜமாவே வந்துச்சு மேடம்.

மச்சான் விளம்பரத்த மாத்தினாரு. "எங்க பேச்ச நம்பாதீங்க. பட்டன அமுக்குங்க, நீங்களே பாருங்க." பஸ்ஸுக்குப் பின்னாடியெல்லாம் அதுதான். நேர்மையான கம்பெனின்னு பேர் வந்துடுச்சு. புகார் வந்தா பொண்ணுங்க, "பட்டன அமுக்குங்க சார், முழுசா காட்டுதா? அப்ப கோளாறு உங்க போன்லதான்"னு சொல்லுவாங்க. மனுஷங்க போனைத் திட்டிட்டு வெச்சுடுவாங்க. சில பேர் புது போனே வாங்கினாங்க.

ஒருத்தங்க மட்டும் வெக்கல. தையல்காரம்மா. நேரா ஆபீசுக்கே வந்து, "என் போனு நல்லாத்தான் இருக்கு, உங்க மூளையச் சரி பண்ணுங்க"ன்னு கவுன்டர்ல நின்னு ஒரு பிடி பிடிச்சாங்க. வரிசையில நின்னவங்க எல்லாம் வேடிக்கை. மச்சான் என்னைப் பாத்து, "மாப்ளே, நீயே போய் சமாதானம் பண்ணிட்டு வா"ன்னாரு. போனேன்.

ஒரே ரூம். ஜன்னல் ஓரமா கட்டில், கட்டிலைச் சுத்தி கம்பி தெரியாம தலகாணிய வெச்சுக் கட்டியிருந்தாங்க. பீரோ மேல ஒரு மலிவான கேமரா. கட்டில்ல அவங்க பொண்ணு, என் சின்னவ வயசுதான் இருக்கும். வலிப்பு வரும். பள்ளிக்கூடத்துல விழுந்து அடிபட்டதுலேருந்து, வீட்டுலயே வெச்சுக்குங்கன்னு அனுப்பிட்டாங்களாம். அப்பன் எப்பவோ போயாச்சு. காலையில பெரியம்மா வந்து இருப்பாங்க, மத்தியானம் அவங்களும் வேலைக்குப் போயிடுவாங்க. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அந்தக் கேமராதான். தெருமுனைக் கடையில துணி தைச்சுக்கிட்டே இந்தம்மா போன்ல பாத்துக்கிட்டிருப்பாங்க. உடம்பு வெட்ட ஆரம்பிச்சா போட்டது போட்டபடி ஓடி வந்து, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா போதும், சரியாயிடும்.

"உங்க விளம்பரத்தப் பாத்துத்தான் சார் இருக்கறதுலயே பெரிய பிளானா போட்டேன்"னாங்க.

அந்தப் பொண்ணு என்னை விடல. "மாமா, லைட்டு மினுக்கற இந்த நெட் பொட்டிக்கு நான் மினுக்கின்னு பேர் வெச்சிருக்கேன். நான் கேமராவப் பாத்து கை ஆட்டுவேன். அம்மா பாத்தாங்கன்னா உடனே போன் பண்ணுவாங்க. பண்ணலைன்னா மினுக்கி ஏமாத்துது"ன்னா. வாயாடி. எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

அப்புறம் அந்தம்மா ஒண்ணு சொன்னாங்க பாருங்க, நான் அசந்துட்டேன். "சார், படம் நிக்கும்போது உங்க ஆப்புல அந்தப் பட்டன அமுக்கினா படம் உடனே தெளிவா வருது. அமுக்கறத நிறுத்தினா பழையபடி நின்னுடுது. அதனால இடது கைக் கட்டவிரலால அமுக்கிக்கிட்டே, வலது கையால துணியத் தள்ளிக்கிட்டிருக்கேன். ஏன் சார் அப்படி?"

எங்க போட்டிக் கம்பெனிக்காரன் கண்டுபிடிக்காதத ஒரு தையல் மெஷின் முன்னாடி உக்காந்து கண்டுபிடிச்சிருக்காங்க. உள்ளுக்குள்ள எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. "லைன் சூடாகணும்மா, அமுக்க அமுக்க சூடாகும்"னு சொன்னேன். "அதானே பாத்தேன்"னாங்க. எப்ப வேணா கூப்பிடுங்கன்னு என் நம்பரையும் குடுத்துட்டு வந்தேன். அவங்க அமுக்கறத நான் தடுக்கல. இத நீங்க குறிச்சுக்கணும். தடுத்திருக்கலாம், தடுக்கல.

ஆனா நல்ல மனசுக்காரங்க எதையும் தனக்குன்னு வெச்சுக்க மாட்டாங்களே. கடைக்கு வர்றவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, எல்லார்கிட்டயும் "லைன் சூடாகற வரைக்கும் அமுக்குங்கக்கா"ன்னு சொல்லிட்டாங்க. தெருவே அமுக்க ஆரம்பிச்சுடுச்சு. எல்லாருமே விருந்தாளின்னா யார் எழுந்து நாற்காலியக் குடுக்கறது? டெஸ்ட் நம்பரே விழ ஆரம்பிச்சுது. சரியா அந்த நேரம் பாத்து உங்க ஆபீஸ்லேருந்து லெட்டர் வந்துச்சு, விளம்பரத்துல சொன்ன ஸ்பீடு வருதான்னு நேர்ல வந்து பாக்கப் போறோம்னு. தேறலைன்னா விளம்பரத்த இறக்கணும், பேரு நாறிடும்.

அதனால நான் விதிய மாத்தினேன். ஒரு நாளைக்கு முதல் தடவை அமுக்கினா மட்டும் லைன் திறக்கும். அதுக்கப்புறம் அமுக்கினா, முதல்ல வந்த நம்பரையே ஆப் மறுபடி காட்டும். லைன் திறக்காது. ஸ்பீடு வராது, நம்பர் வரும்.

தையல்காரம்மா ஞாபகம் வந்துச்சு. வராம இருக்குமா? நானும் ரெண்டு பொண்ணுக்கு அப்பன். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் விலக்குக் குடுக்கறது எனக்கு ஒரு பெரிய வேலையே இல்ல. ஆனா சோதனைக்கு வர்றவங்க கண்ணுல, இந்த வீடு மட்டும் ஏன் தனியா நிக்குதுன்னு படும். அங்கேருந்து நூல் பிடிச்சு எல்லாத்தையும் கேப்பாங்க. இன்னொண்ணு, தெருவுல அத்தனை பேரும் ஒரே காசு கட்டும்போது ஒருத்தங்களுக்கு மட்டும் சலுகை குடுக்கறது சரியாப் படல. எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்யறதுதானே நேர்மை. அவங்ககிட்ட சொல்லியிருக்கலாம்னு கேப்பீங்க. சொன்னா ஏன்னு கேப்பாங்க மேடம். அவங்க அப்படிப்பட்டவங்க.

சோதனைக்கு உங்க ஆளுங்க ரெண்டு பேர் வந்தாங்க. வெயில்ல வீடு வீடா அலையறதுக்குப் பதிலா, என் ரூம்ல ஏசியப் போட்டு, பிஸ்கட் தட்ட வெச்சு, "நீங்களே எந்த வீட்ட வேணும்னாலும் சொல்லுங்க, இங்கேருந்தே டெஸ்ட் போட்டுக் காட்டறோம்"னாரு மச்சான். அவங்களுக்கும் அது வசதியாப் போச்சு. சொன்ன வீடெல்லாம் முழுசா காட்டுச்சு. அவங்கள்ல பெரியவர் திருப்தியா தலையாட்டிக்கிட்டே இருந்தாரு.

அப்பத்தான் என் போன் அடிச்சுது. தையல்காரம்மா. எடுக்காம விட்டா வந்தவங்க சந்தேகப்படுவாங்கன்னு எடுத்தேன். "யாரு, கஸ்டமரா? ஸ்பீக்கர்ல போடுங்களேன், நாங்களும் கேக்கறோம்"னாரு பெரியவர். போட்டேன்.

"சார், ஸ்பீடு முழுசா காட்டுது. ஆனா பாப்பா ரொம்ப நேரமா அசையாமப் படுத்திருக்கா. தூங்கறாளா, இல்ல படம் நின்னுடுச்சான்னு தெரியல. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறா. தூங்கினா எப்பவுமே எடுக்க மாட்டா. ஓடிப் போய்ப் பாத்துடுவேன் சார், ஆனா இந்த வாரத்துல நிறைய தடவை ஓடிட்டேன். இன்னொரு தடவை எழுந்தா அப்படியே வீட்டுலயே இருந்துக்கோன்னு ஓனர் அண்ணன் சொல்லிட்டாரு. அதான் உங்களக் கேக்கறேன்."

என் முன்னாடி ஸ்கிரீன் இருக்கு. அவங்க வீட்டு லைன் அதுல தெரியுது. கேமராவுலேருந்து ஒரு துளிகூட வெளிய வரல. வராம ரொம்ப நேரம் ஆயிருந்துச்சு. அவங்க பாத்துக்கிட்டிருந்தது எப்பவோ நின்னு போன படம். ஒரு தட்டு தட்டினா நானே அந்த லைனைத் திறந்திருக்கலாம். பெரியவர் என் தோளுக்குப் பின்னாடி நின்னு அதே ஸ்கிரீனைத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. எதத் தட்டினேன்னு கேட்டிருப்பாரு. சரி, ஓடிப் போய்ப் பாருங்கன்னாவது சொல்லலாம். ஆனா, நம்பர் முழுசா காட்டும்போது படத்த நம்பாதேன்னு சோதனைக்கு வந்தவங்க முன்னாடி நான் எப்படிச் சொல்றது?

"முழுசா காட்டுதுல்லம்மா? அப்ப அது நேரடிப் படம்தான். பாப்பா தூங்கறா. நீங்க வேலையப் பாருங்க"ன்னேன்.

"அப்பாடா. ரொம்ப நன்றி சார்"னு வெச்சாங்க.

பெரியவர், "பரவால்லயே, கஸ்டமர்கிட்ட நீங்களே நேரா பேசறீங்களே"ன்னு என்னைத் தட்டிக் குடுத்தாரு. அந்த நேரத்துல அந்தப் பொண்ணு தினமும் தூங்கறவதான் மேடம். தூங்கத்தான் செய்யும்னு நெனச்சேன். வந்தவங்க கிளம்பினதும் அந்தம்மாவக் கூப்பிட்டுச் சொல்லிடலாம்னும் நெனச்சேன். கிளம்பினாங்க, மச்சான் என்னைக் கட்டிப் பிடிச்சாரு, எல்லாரையும் சாப்பிடக் கூட்டிட்டுப் போனாரு. கை கழுவும்போது ஞாபகம் வந்துச்சு. இந்நேரம் அந்தம்மா வீட்டுக்குப் போயிருப்பாங்க, இனிமே சொல்லி என்னன்னு விட்டுட்டேன்.

பாப்பா குப்புறக் கிடந்திருக்கா, முகம் தலகாணிக்குள்ள. யாராச்சும் வந்து திருப்பிப் போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுன்னு டாக்டர் சொன்னாராம். அந்தம்மா கதவைத் திறக்கற வரைக்கும் அவங்க போன்ல பாப்பா ஒருக்களிச்சு, நல்லாத் தூங்கிக்கிட்டுதான் இருந்தா.

ஏன் மேடம் எழுதறத நிறுத்திட்டீங்க? நீங்க இதக் கேக்கல, தெரியும். விளம்பரத்தப் பத்திக் கேட்டீங்க, விளம்பரத்தப் பத்தித்தான் சொல்றேன். இதெல்லாம் அதோட சேந்தது.

துக்கம் கேக்கப் போனேன். மச்சான் வேண்டாம்னாரு, எனக்கு மனசு கேக்கல. சொந்தக்காரங்க எல்லாம் அந்தம்மாவக் கரிச்சுக் கொட்டிக்கிட்டிருந்தாங்க. பெத்தவ பாத்துக்கிட்டே இருந்தாளாம், பிள்ளை துடிக்கறது கண்ணுக்குத் தெரியலையாமேன்னு. என்னைப் பாத்ததும் அவங்க என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. "கண்ணையே எடுக்கல சார் நான். என் கண்ணு முன்னாடியே போயிருக்கா சார். துடிச்சிருப்பாளே, எனக்கு ஏன் சார் தெரியல? பாவி, தூங்கறான்னு நெனச்சு சட்டைக்குப் பொத்தான் தைச்சுக்கிட்டிருந்தேனே"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா"ன்னு சொன்னேன். "நீங்க ஒருத்தர்தான் சார் அப்படிச் சொல்றீங்க"ன்னு அழுதாங்க. ரொம்ப நேரம் பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொல்லிட்டுத்தான் வந்தேன்.

இப்ப எழுதிக்குங்க. விளம்பரத்துல போட்ட ஸ்பீடு வரல. வந்த மாதிரி காட்டினது நான். படம் நின்னு போச்சுன்னு தெரிஞ்சே, குழந்தை தூங்குதுன்னு அவங்க அம்மாகிட்ட சொன்னதும் நான். எங்க கையெழுத்துப் போடணுமோ சொல்லுங்க, போட்டுடறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள் மேடம். இது எதுவும் அந்தம்மா காதுக்குப் போக வேண்டாம். பாவம், என் மேல ரொம்ப மரியாதை வெச்சிருக்காங்க.