மேற்கு மதிலில் முடிந்த உலகக் கண்காட்சி

தலைமை நாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் பெரியவர் சக்ரபாணி அவர்களே, மதிலை அடைத்தே தீருவேன் என்று சூளுரைத்திருக்கும் சங்கச் செயலாளர் கிருஷ்ணகுமார் அவர்களே, குகட்பள்ளி வெயிலுக்குக் குடை பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, தமிழில் கேட்டுத் தெலுங்கில் சிரிக்கும் இளைஞர்களே, மைக் சத்தம் கேட்டு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்திருக்கும் ஆக்னஸ் அம்மையாரே, அனைவரையும் வணங்குகிறேன்.

மாநகரங்கள் உலகக் கண்காட்சி நடத்தின. முடிந்தபின் கோபுரம் விட்டுச் சென்றன, பூங்கா விட்டுச் சென்றன. நம் காலனித் தமிழ்ச் சங்கமும் சென்ற தை மாதம் இதே மைதானத்தில் உலகக் கண்காட்சி நடத்தியது. நாம் எதை விட்டோம்? ஓட்டை. மேற்கு மதிலில், ஆள் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதை அடைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான் கூடியிருக்கிறோம்.

ஓட்டை எப்படி வந்தது? பிளாக்குக்கு ஒரு நாட்டு அரங்கு என்று பிரித்தோம். ஜப்பான் கிடைத்தவர் கிழக்கு வாசல் கேட்டார். எகிப்து விடுமா? ரஷ்யா விடுமா? வாடகை வீட்டுக்கே வாஸ்து பார்த்துப் பால் காய்ச்சும் கூட்டமல்லவா நாம்? அத்தனை நாடும் கிழக்கு பார்த்தன. ஒன்றன் முதுகைப் பார்த்து ஒன்று நின்றது. முன்னால் நின்ற ஜப்பானைத் தவிர எந்த நாட்டுக்கும் முகம் தெரியவில்லை. அதோ சிரிக்கிறாரே நூர் முகமது அண்ணன், அவருடைய துருக்கியும் அப்படித்தான்.

என்ன அண்ணே? "நக்கோ தம்பி, என்னை இழுக்காதீங்க. எல்லாரும் வெச்சாங்க, நானும் வெச்சேன்" என்கிறார். இதைவிட உலக ஒற்றுமை வேறென்ன வேண்டும்?

செயலாளர் யோசித்தார். ஒவ்வொரு நாட்டின் முதுகிலும் ஒரு வழி வெட்டச் சொன்னார். ஜப்பானில் நுழைந்தால் கடைசி நாடான பிரேசில் வரை போகலாம். போகலாம், திரும்ப முடியுமா? பிரேசிலுக்குப் பின்னால் மதில். மாலையும் பொன்னாடையுமாகச் சிறப்பு விருந்தினர் பிரேசிலை அடைந்தார். அவர் பின்னால் ஊரே அடைந்தது. நெருக்கடியில் எகிப்து சாய்ந்து ரஷ்யாமேல் விழுந்தது. விருந்தினருக்கு மூச்சு முட்டியது. வேறு வழியின்றிக் கடப்பாரையால் மதிலை இடித்தோம். பொன்னாடையோடு அவர் போய் விழுந்தது பக்கத்துக் காலனியில், ஆக்னஸ் அம்மையார் காயப்போட்டிருந்த போர்வைகளுக்கு நடுவே. "உக்காருங்க சார், காபி குடிங்க" என்றாராம் அம்மையார், யார் எவர் என்று கேட்காமலே.

விருந்தினர் போன வழியாக மறுநாள் ஆக்னஸ் வந்தார். யாரைப் பார்க்க? நம் செயலாளரின் தாயார் ருக்மிணி அம்மாளை. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப்பின் காலனி கேட்டைத் தாண்டாதவர். இருவரும் சமையலறை ஜன்னல் வழியே மதிலுக்கு மேல் கையசைத்துக்கொண்டவர்கள், அவ்வளவுதான் பழக்கம். இன்று மாலைதோறும் சீட்டாடுகிறார்கள். ருக்மிணி அம்மாள் வாய்விட்டுச் சிரிக்கிறார். அதைக் கேட்டு என் கண் கலங்கியது. சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அந்த ஓட்டையை அடைக்க வேண்டுமாம். மேற்கில் வாசல் ஆகாதாம். செயலாளர் அவர்களே, நமக்கு மேற்கு. ஆக்னஸ் அம்மையாருக்கு? அதே ஓட்டை, அதே செங்கல், அந்தப் பக்கம் நின்று பார்த்தால் அசல் கிழக்கு வாசல். அண்டை வீட்டாரின் கிழக்கை அடைத்த பாவம் நமக்கு எதற்கு? கோபுரத்தை அண்ணாந்து பார்க்கலாம், அதன் வழியே ஒருவரை ஒருவர் போய்ப் பார்க்க முடியுமா?

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்கிறார் செயலாளர்.

கேளுங்கள் ஐயா. ஆனால் அம்மா உட்கார்ந்திருந்த உங்கள் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. திரும்பி மேற்கே பாருங்கள். ஒரு கையில் வாக்கர், ஒரு கையில் ஆக்னஸ். உங்கள் தாயார் மதிலைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்.

தலைவர் அவர்களே, தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று நினைக்கிறேன். செயலாளர் மட்டும் எழுந்து ஓடட்டும், அங்கே செங்கல் தடுக்கும், அம்மாவைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். வெயிலில் பொறுத்திருந்து கேட்ட மற்ற அனைவருக்கும் என் நன்றி, வணக்கம்.