கேத்தல் மூடியின் மூன்று தட்டு

பிளேன்டீக்கு இஞ்சியைத் தட்டித்தான் போட வேண்டும் சேர். வெட்டிப் போட்டால் மணம் வராது. குடித்துக்கொண்டே எழுதுங்கள், அவசரமில்லை.

என் பெயர் பக்கீர். ஆற்றைக் கடக்கிற கிட்டங்கித் தாம்போதி முகப்பில் இருபத்தாறு வருடமாகத் தேத்தண்ணிக் கடை. இறக்காமத்து யானையொன்று வந்து என்னிடம் சீனி குறைத்துத் தேத்தண்ணி கேட்ட கதையை நான்தான் சொன்னேன். கல்முனைச் சந்தையில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் பொய்யால் ஒருவருக்கும் பல்வலிகூட வந்ததில்லை.

பொழுதுபடும் நேரத்தில் கடைக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் நிற்பாளுகள். எதற்கென்று உங்களுக்குத் தெரியும்; தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்துபோன பெரிய மனிசருக்கும் தெரியும். ரோட்டில் சும்மா நின்றாலே பிடிப்பதற்கு வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமொன்று உங்களிடம் இருக்கிறது. பையில் ஆணுறை இருந்தால் அதுவே சான்று. ஆகவே அதை எறிந்துவிட்டு நோயை வாங்கிக்கொள்வாளுகள். வந்தவனொருவன் அவளுகளில் ஒருத்தியான றஸ்னாவின் மண்டையை உடைத்தபோதும் அவள் உங்களிடம் வரவில்லை. என் கடையில் கோப்பித்தூள் வைத்துக் கட்டிக்கொண்டு போனாள்.

பொலிசை நம்பாதவளுகள் என் கேத்தல் மூடியை நம்பினாளுகள். கரண்டியால் மூன்று தட்டென்றால் ஜீப் வருகிறது. ஆற்றில் இறங்கி, மிதக்கிற ஆற்றுவாழைச் செடிகளுக்குள் கழுத்தளவு நிற்க வேண்டும். பிறகு ஒரு தட்டென்றால் போய்விட்டது, ஏறலாம்.

உங்கட ஆட்களுக்கும் மாதம் இரண்டு வழக்கு வேண்டும். கள்ளனைப் பிடிப்பதென்றால் ஓட வேண்டுமே, பாவம். அந்த நாட்களில் நான் மூடியைத் தட்டமாட்டேன். கண்ணால் கண்ட சாட்சி என்று ஒப்பமும் வைப்பேன். அரச காணியில் நிற்கும் என் கடையை ஒருவரும் உடைக்கவில்லை. முறைவைத்துத்தான் அவளுகளைக் கொடுத்தேன், ஒருத்திக்கும் அநியாயம் செய்யவில்லை.

றுமானா மட்டும் தன் முறை வந்ததும் பேசாமல் இருக்கவில்லை. அந்த வழக்கைக் காட்டித்தான் புருஷன் வீட்டார் அவளுடைய மகள் றிஸ்லாவைப் பறித்துக்கொண்டார்களாம். பிள்ளையைத் திரும்பக் கேட்க ஒரு பெண் சட்டத்தரணியைப் பிடித்திருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தாள். வழக்குக் கடதாசியெல்லாம் சிங்களத்தில் கிடக்கிறது, வியாழக்கிழமை அந்த அம்மா வாசித்துச் சொல்வார் என்றாள்.

"நமக்கெதிரா ஒப்பம் வெச்ச நாய் ஆரெண்டு அப்ப தெரிஞ்சிரும் காக்கா. நம்மட பக்கம் சாட்சிக்கு உங்களத்தான் கூப்பிடப் போறன்."

ஓம் என்றேன். இஞ்சி கூட்டி ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் மேல்குளங்களின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். ஆற்றுப் பக்கம் போக வேண்டாமென்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எனக்குக் கேட்டது. மற்றவளுகளுக்கும் கேட்டிருக்க வேண்டும், ஒருத்தியும் வரவில்லை. றுமானா நாவிதன்வெளியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவளுக்குக் கேட்டிருக்க வழியில்லை.

பொழுதுபட, மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி மூன்று தட்டுத் தட்டினேன். இறங்கினாள்.

"போயிட்டானுகளா காக்கா?"

"இன்னும் நிக்கானுகள். சத்தம் போடாத."

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கூப்பிடு தூரத்தில் ஒருவன் தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்தான். அவள் கூப்பிடவில்லை. சத்தம் போட்டால் வருவது நீங்கள் என்று பயம். வெள்ளத்தைவிட உங்களுக்குப் பயந்தாள் சேர். உங்கட சேவைக்கு இதைவிடப் பெரிய பதக்கம் கிடைக்காது. இன்னொரு தரம் கேட்டாள். அதையே சொன்னேன். மூன்றாம் தரம் கேட்கவில்லை.

ஜீப்பைக் கண்டு குதித்தாள் என்று நான் எழுதிக் கொடுத்ததை உங்களுக்கு முன்னிருந்தவர் வாசிக்காமலே வழக்குக் கோவையில் போட்டார். அன்றைக்கு ஜீப் டயர் இல்லாமல் கிடந்ததை நீங்கள் கண்டுபிடித்தது கெட்டித்தனம்தான். ஆனால் நான் அவளைத் தொடவில்லை. மூடியை ஒருதரம் தட்டாமல் இருந்தேன், அவ்வளவுதான். என் யானையை ஒருவரும் நம்பாத ஊரில் என் ஜீப்பை அவளொருத்தி நம்பினாள். அதற்கு நான் என்ன செய்வது.

மற்றவளுகள் உங்களிடம் வந்து ஒன்றும் சொல்லமாட்டாளுகள். வந்தால் முதலில் அவளுகளின் பையைத்தானே திறப்பீர்கள். ஆகவே இந்த வழக்குக்கும் சாட்சி நான்தான். ஒப்பம் எங்கே வைப்பது சேர், வழமையான இடத்திலா?