கேட்டால்தான் முத்திரை

– பொய் முத்திரைன்னு நான் சொல்லல, கயோ அப்பா. ஒரு நாள் விடாம எப்படி விழுதுன்னுதான் கேட்டேன்.

– ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். பிள்ளை வீட்டுல பாடத்தைச் சத்தமா வாசிக்கணும். பெத்தவங்க கேட்டுட்டு அட்டையில முத்திரை குத்தணும். இதுதானே உங்க பள்ளிக்கூடத்துச் சட்டம்? வாசிச்சா. கேட்டேன். குத்தினேன்.

– தயவுசெஞ்சு நான் சொல்றதைக் கேளுங்க. ஏப்ரல்ல வகுப்பு ஆரம்பிச்சப்போ ஒரு பத்தி வாசிச்சா. அதோட சரி. பேர் சொல்லிக் கூப்பிட்டாக்கூட வாய் திறக்கறதில்ல. இப்போ மரமெல்லாம் இலை உதிர்க்க ஆரம்பிச்சாச்சு.

– இங்க அவ வாயை மூடறதே இல்ல. கொதிக்கிற தண்ணி மேல சத்தியம்.

– எல்லா அப்பாவும் இதைத்தான் சொல்றாங்க. நாளைக்குக் கூட்டம் இருக்கு. வாசிக்க வராத பிள்ளைன்னு முடிவு பண்ணி அவளைத் தனி வகுப்புக்கு மாத்தப் போறாங்க. அதை நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்.

– என்னைக் கேக்காமலா? வாங்கம்மா, பெண்கள் பக்கம் இடது. துண்டு இருக்கா? நல்லது, இன்னைக்குத் தண்ணி நல்ல சூடு. டீச்சர், கொஞ்சம் ஓரமா நில்லுங்க, குளிக்க வர்றவங்க வழி அது. என்ன சொன்னீங்க, தனி வகுப்பா? வாசிக்கிற பிள்ளையையா? அப்படி மாத்தினா அவ புத்தகப் பையோட இங்கயே உக்காரட்டும். இந்தக் குளியல்கூடத்துல இருக்கற அத்தனை பேரும் அவ வகுப்புதான்.

– கோபப்படாதீங்க. யார் முன்னால வாசிக்கிறா? நீங்க காசு வாங்கற இந்த மேடையில இருக்கீங்க, அவ அம்மா அடுப்படியில இருக்காங்க.

– அதான் விஷயம். கடை மூடுற வரைக்கும் நான் இந்த மேடையை விட்டு எறங்க முடியாது. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் ரெண்டையும் பாத்துக்கணும். அவ கூடத்துக்குப் பின்னால, கொதிகலன் பக்கத்துல, விறகுக்கட்டை மேல உக்காந்திருப்பா. தண்ணி ஆறிப்போச்சுன்னா கத்திச் சொல்றதுக்கு அங்க ஒரு சின்ன ஜன்னல் இருக்கு. அது வழியாத்தான் பாடத்தைக் கத்துவா.

– கத்துவாளா?

– பின்ன? வாளிச் சத்தம், தண்ணிச் சத்தம், ஓனுக்கி மாமா பாட்டு. அத்தனையும் தாண்டி என் காதுக்கு வரணும். கேட்டாத்தான் முத்திரை.

– அடேய் கடைக்காரா! எங்கடா நம்ம பொண்ணு? ஊறி ஊறி என் விரலெல்லாம் சுருங்கிப் போச்சு, இன்னும் கதையைக் காணோம்!

– கேட்டீங்களா டீச்சர்? அதுதான் ஓனுக்கி மாமா. தோஃபு கடைக்காரர். விடியறதுக்கு முன்னால இருந்து சோயாவோட மல்லுக்கட்டிட்டு, நாங்க கதவு திறந்ததும் முதல் ஆளா வருவார். அழுக்குப் போகுதோ இல்லையோ, கதை கேக்காமப் போக மாட்டார்.

– கயோ இப்ப எங்க?

– உங்க செருப்பைப் பாத்ததும் பின்னால ஓடிட்டா. கயோ! ஏ கயோ! ஆரம்பிம்மா!

– இன்னைக்கு முடியாதுப்பா! டீச்சர் இருக்காங்க!

– இருந்தா என்ன பொண்ணே? நாங்க எல்லாரும் இங்க அம்மணமா உக்காந்திருக்கோம். எங்களுக்கே கூச்சமில்ல, உனக்கென்ன பயம்?

– பயமில்ல ஓனுக்கி மாமா. பிடிக்கல.

– பாத்தீங்களா கயோ அப்பா? இதைத்தான் நான் சொன்னேன்.

– கயோ! அப்பா பொய் முத்திரை குத்துறேன்னு பள்ளிக்கூடத்துல நினைக்கிறாங்களாம்!

– யாரு?

– உங்க டீச்சர்தான்!

– ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்ல கயோ!

– எங்க அப்பா கேக்காம ஒரு நாளும் குத்தினதில்ல! ஓனுக்கி மாமா, பாட்டை நிறுத்துங்க. எல்லாரும் தண்ணி ஊத்துறதை நிறுத்துங்க. "மழைக்குப் பயந்த குடைக்காரர். குடைக்காரர் வானத்தைப் பார்த்தார். அங்கே ஒரு கறுத்த மேகம் நின்றது. உடனே கடையை அடைத்துவிட்டு அலமாரிக்குள் புகுந்துகொண்டார். ஒரு தவளை வந்து கதவைத் தட்டியது. 'ஐயா, ஒரு குடை வேண்டும்.' 'தவளைக்கு எதற்குக் குடை?' 'எனக்கு இல்லை ஐயா. நாளைக்குத் தின்ன ஒரு ஈ வைத்திருக்கிறேன். அது நனையக் கூடாது.'"

– ஹா! நனைஞ்ச ஈ ருசிக்காதாம்! என் சம்பந்தி இதே மாதிரிதான் பேசுவான். தவளை பேசினதை இன்னொரு தடவை சொல்லு பொண்ணே!

– குறுக்க பேசினா மீதி நாளைக்குத்தான் மாமா!

– சரி சரி, வாயை மூடிக்கிட்டேன்!

– கயோ அப்பா...

– சொல்லுங்க டீச்சர்.

– ஒரு இடத்துல தடுக்கல. தவளைக்கு ஒரு குரல், குடைக்காரருக்கு ஒரு குரல். ரெண்டு பக்கமும் இத்தனை பேர் சிரிக்கிறாங்க, அவ அசரவே இல்லையே.

– ஏன் அசரணும்? சிரிப்புக் கதைக்குச் சிரிக்கத்தானே செய்வாங்க.

– மன்னிச்சிடுங்க, நான் உங்களைச் சந்தேகப்பட்டது தப்பு. கூட்டத்துல நானே பேசறேன். ஆனா நான் சொன்னா மட்டும் மத்தவங்க நம்ப மாட்டாங்க. நாளைக்கு வகுப்புல ஒரே ஒரு பக்கம் வாசிச்சாப் போதும். தலைமையாசிரியரையே கூட்டிட்டு வந்து கேக்க வைக்கிறேன். அதோட தனி வகுப்புப் பேச்சே இருக்காது.

– அதை அவகிட்டயே கேளுங்க. கயோ! இங்க வா. வர்றப்ப மூஞ்சியில கரியைத் துடைச்சிட்டு வா.

– வந்துட்டேன். எல்லாம் கேட்டுச்சு. நான் வாசிக்கிறேன்.

– நிஜமாவா? நல்ல பொண்ணு! நீ எதுக்கும் கவலைப்படாதே கயோ. பசங்க ஒருத்தரும் சிரிக்காம நான் பாத்துக்கறேன்.

– பசங்க சிரிச்சாச் சிரிக்கட்டும். நீங்க வெளிய நிக்கணும்.

– கயோ! டீச்சர்கிட்ட என்ன பேச்சு இது?

– இருக்கட்டும், திட்டாதீங்க கயோ அப்பா. சொல்லும்மா. நான் எதுக்கு வெளிய நிக்கணும்?

– ஏப்ரல்ல அன்னைக்கும் இதே குரல்லதான் வாசிச்சேன். மொதல்ல சிரிச்சது நீங்க.